கார்ட்டை விட்டுப்போன இடம் யாருடையது?

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் பார்க்கிங்கில், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடத்தை ஒட்டி, சாய்கோடுகள் போட்ட ஒரு பட்டை இருக்கும். அங்கே கார் நிறுத்தக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாமானையெல்லாம் காரில் ஏற்றி முடித்ததும், காலி கார்ட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகத் தோதான இடமாக அந்தப் பட்டையே பலர் கண்ணில் படுகிறது. அது சும்மா கிடக்கும் இடமல்ல. வீல்சேரில் வருகிறவரின் வேனில் பக்கவாட்டுக் கதவு திறந்து, சாய்தளப் பலகை ஒன்று வெளியே நீண்டு தரையில் இறங்கும். பலகை முடியும் இடத்துக்கு அப்பாலும், வீல்சேர் இறங்கித் திரும்ப வெறும் தரை வேண்டும். அந்தத் தரைதான் இந்தப் பட்டை. அதில் ஒரே ஒரு கார்ட் நின்றாலும் பலகை இறங்காது. கடைக்குள் போய்விட்டுத் திரும்பும்போது நின்றிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மடியில் பையோடு, தன் வண்டியின் பக்கத்திலேயே, உள்ளே ஏற முடியாமல் வழியில் போகும் யாராவது வந்து கார்ட்டை நகர்த்தித் தரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். கார்ட்டை விட்டுப்போனவர் மிச்சப்படுத்தியது ஒரு நிமிட நடை. அதற்கான விலையைக் கொடுப்பவர், நடக்கவே முடியாத இன்னொருவர்.

கார்ட்டைத் திருப்பி விடுவதை நல்ல பழக்கம், கெட்ட பழக்கம் என்ற அளவில் மட்டும் பேசுவது போதாது என்று சொல்வதற்கு இதுவே காரணம். இதில் ஒருவருடைய சட்டப்படியான உரிமை அடங்கியிருக்கிறது. 1990-ல் இயற்றப்பட்ட அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும் அதன் கீழ் வந்த கட்டட விதிகளும் பார்க்கிங்குக்குத் துல்லியமான அளவுகள் வைத்திருக்கின்றன. சாய்கோட்டுப் பட்டை குறைந்தது 5 அடி அகலம் இருக்க வேண்டும். தரையின் சரிவு 48-க்கு 1 என்ற அளவைத் தாண்டக் கூடாது. ஒதுக்க வேண்டிய இடங்களின் எண்ணிக்கையும் விதியில் உண்டு, அந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். 76 முதல் 100 கார் வரை நிற்கும் பார்க்கிங்கில் கட்டாயம் ஒதுக்க வேண்டியவை 4 இடங்கள். ஆறு இடத்துக்கு ஒன்று என்ற கணக்கில், அந்த நான்கில் வேன் நிற்கும்படி அமைய வேண்டியது ஒன்றே ஒன்று. அதாவது, நூறு கார் நிற்கும் வளாகத்தில் வீல்சேர் வேனில் வருகிறவருக்கு உறுதியாகக் கிடைப்பது ஒரே இடம். மற்றவர்களுக்கு இது இல்லாவிட்டால் அடுத்தது; அவருக்கு இது இல்லாவிட்டால் வீடு திரும்ப வேண்டியதுதான்.

இந்த அளவுகளைக் காப்பாற்றும் பொறுப்பைச் சட்டம் கடையின் தலையில் வைத்திருக்கிறது. பட்டையைப் போட்டால் மட்டும் போதாது, எப்போதும் பயன்படும் நிலையில் வைத்திருக்கவும் வேண்டும் என்பது விதி. பழுதுபார்ப்பு போன்ற தற்காலிகத் தடைகளுக்கு மட்டுமே விலக்கு. ஆனால் கார்ட்டை அங்கே விட்டுப்போன வாடிக்கையாளரைப் பற்றி இந்தச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவை எடுத்துக்கொண்டால், கடையின் பெயரும் அறிவிப்பும் பொறித்த கார்ட்டை வளாகத்துக்கு வெளியே கொண்டுபோவது சட்டப்படி குற்றம். வளாகத்துக்குள் நட்டநடுவில் விட்டுவிட்டுப் போவது குற்றமல்ல. உருண்டுபோய் யாருக்காவது சேதம் உண்டாக்கினால், கவனக்குறைவு என்று இழப்பீடு கேட்கலாம். அதற்கும் விட்டவர் யாரென்று தெரிய வேண்டும். ஆக, தடுக்கக் கூடியவர் ஒருவர், பொறுப்பேற்க வேண்டியவர் இன்னொருவர். கடை ஊழியர் வந்து பார்ப்பதற்குள் பத்து நிமிடமோ அரை மணி நேரமோ ஆகிவிடும். அந்த இடைவெளியில் உரிமையைக் காப்பாற்றக் கூடியவர், கார்ட்டின் கைப்பிடியைக் கடைசியாகப் பிடித்திருந்தவர் மட்டும்தான். சட்டம் கைவிட்ட அந்த அரை மணி நேரத்தை வழக்கம்தான் நிரப்பியாக வேண்டும்.

“ஒரு கார்ட்டில் என்ன வந்துவிடப் போகிறது?” என்று கேட்பவர்களுக்கு நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து, 2008-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது அது. ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பார்க்கிங்கில், கார் கண்ணாடிகளில் துண்டுச்சீட்டைச் செருகிவைத்து, காரை எடுக்க வருகிறவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். கார்ட்டுகளைத் திருப்பி விடும்படி அங்கே அறிவிப்பு இருந்தது. கார்ட்டுகள் எதுவும் கண்ணில் படாதபோது சீட்டைத் தரையில் போட்டவர்கள் 30 சதவீதம். நான்கு கார்ட்டுகளை அங்கங்கே விட்டுவைத்தபோது அது 58 சதவீதமாக ஏறியது. கார்ட்டுக்கும் குப்பைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் ஒரு விதியை யாரோ மதிக்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு, மற்ற விதிகளும் மனதில் தளர்ந்துவிடுகின்றன. பட்டையில் நிற்கும் முதல் கார்ட்டின் பக்கத்தில் இரண்டாவது வந்து நிற்பதற்கும் இதுவேதான் காரணம் என்று கொள்வதில் தவறில்லை. எல்லோரும் இங்கேதான் விடுகிறார்கள் என்ற தோற்றத்தை உண்டாக்க ஒருவர் போதும்.

வழக்கமாக எழும் முதல் மறுப்பு, “அதற்குத்தான் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்களே, திருப்பி விட்டால் அவர்கள் வேலை போய்விடாதா?” என்பது. இந்த வாதம் வேலையைத் தவறாகப் புரிந்துகொள்கிறது. பார்க்கிங்கின் நடுவே உள்ள கம்பி அடைப்புகளில் சேரும் கார்ட்டுகளை வரிசையாகக் கோத்து, கடை வாசலுக்குத் தள்ளிவருவதுதான் அந்த ஊழியரின் வேலை. எல்லா வாடிக்கையாளரும் ஒழுங்காக அடைப்பில் விட்டாலும் அந்த வேலை அப்படியே இருக்கும். சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு கார்ட்டும் கூட்டுவது வேறொன்றை: ஓடும் கார்களுக்கு நடுவே, திருப்பங்களில், அவர் கூடுதலாக நடக்க வேண்டிய நடையை. வெயில் காலத்தில் இது சின்ன விஷயமல்ல. வெளியில் வேலை செய்பவர்களுக்குத் தண்ணீர் தர வேண்டும், வெப்பம் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் நிழல் தர வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் விதியே இருக்கிறது. கார்ட் சேர்ப்பவருக்கும் அந்த உரிமை உண்டு. அடைப்பில் திருப்பி விடுவதும் கடினமான வேலையல்ல. கார்ட் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும்படி இருப்பதற்கு ஒரு கதை உண்டு. ஓக்லஹோமா நகரில் கடைகள் நடத்திய சில்வன் கோல்ட்மேன் 1937-ல் முதன்முதலில் புழக்கத்துக்கு விட்ட கார்ட், மடித்து வைக்கும் நாற்காலி மாதிரியில் அமைந்தது. ஒவ்வொன்றையும் ஊழியர்கள் மடிக்கவும் விரிக்கவும் வேண்டியிருந்தது. 1940-களின் பிற்பகுதியில் கான்சஸ் சிட்டியின் ஆர்லா வாட்சன், பின்பக்கக் கதவு மேலே எழும்பும் மாதிரியைக் கொண்டுவந்த பிறகுதான், யாரும் ஒரு தள்ளு தள்ளி உள்ளே செருகிவிட முடிந்தது. வேலை அவ்வளவு எளிதாக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு நியாயமானது. கைக்குழந்தையோடு தனியாக வரும் தாயோ தகப்பனோ, குழந்தையைக் காரில் விட்டுவிட்டு அடைப்பு வரை போக முடியாது என்பார்கள். போகவும் கூடாது. பூட்டிய காருக்குள் 10 நிமிடத்திலேயே வெப்பம் ஏறக்குறைய 20 டிகிரி ஃபாரன்ஹீட் கூடிவிடும். கலிஃபோர்னியாவில், ஆபத்தான சூழலிலோ, எஞ்சின் ஓடும்போதோ, சாவி இக்னிஷனிலேயே இருக்கும்போதோ, 6 வயது அல்லது அதற்குக் குறைந்த குழந்தையை 12 வயதாவது ஆன ஒருவரின் துணையில்லாமல் காரில் விடுவது சட்டப்படி தவறு. இங்கே குழந்தையின் பாதுகாப்புக்கே முதலிடம். ஆனால் இது முடியாது என்பதற்கான காரணமல்ல, முன்கூட்டியே யோசிக்க வேண்டும் என்பதற்கான காரணம். வாசலுக்குப் பக்கத்தில் இடம் தேடிச் சுற்றுவதை விட்டு, கம்பி அடைப்பை ஒட்டி காரை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சாமானை முதலில் ஏற்றிவிட்டு, குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டே கார்ட்டை விட்டுவிட்டு வரலாம். அதுவும் முடியாத நாளில், கார் வரை வந்து உதவ ஆள் கிடைக்குமா என்று பில் போடும் இடத்தில் கேட்கலாம். பல கடைகள் அந்த உதவியைச் செய்கின்றன.

குழந்தையைப் பற்றிப் பேசும்போது, கார்ட்டே ஒரு ஆபத்து என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒஹையோ மாநிலத்தில் உள்ள நேஷன்வைட் குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 1990 முதல் 2011 வரையிலான கணக்கை ஆராய்ந்தார்கள். கார்ட் தொடர்பான காயங்களுக்காக அவசர சிகிச்சைக்கு வந்த, 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரி சுமார் 24,000 பேர். இவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் கார்ட்டிலிருந்து கீழே விழுந்தவர்கள். பெரும்பாலும் அடிபட்ட இடம் தலை. ஊரிலிருந்து பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போகும் தாத்தா பாட்டிகள் கடையில் பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பது வழக்கம் என்பதால், இதை அவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்: இருக்கையில் உட்காரவைத்தால் வார் மாட்டுங்கள், வார் அறுந்த கார்ட்டை எடுக்காதீர்கள், கூடைப்பகுதியில் நிற்கவைக்காதீர்கள், கார்ட்டை விட்டுக் கை எட்டும் தூரத்தைத் தாண்டாதீர்கள். மழைநீர் வடிய பார்க்கிங் தரைக்குச் சரிவு கொடுத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவே கார்ட் உருள்வதற்குப் போதும்.

நாணயம் போட்டு எடுக்கும் பூட்டு எல்லா இடத்திலும் இருந்தால் இந்தப் பேச்சே தேவையில்லை என்போரும் உண்டு. ஆல்டி கடைகளில் 25 சென்ட் போட்டால்தான் கார்ட் வரும், திருப்பிச் செருகினால்தான் காசு வரும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், கூலியும் மிச்சமாகிறது. இருந்தும் அதை முழுத் தீர்வாக நான் ஏற்கவில்லை. 25 சென்ட் போனால் போகட்டும் என்று நினைப்பவரை அது தடுக்காது. திருப்பிக் கொண்டுபோய் விட உடம்பில் தெம்பில்லாதவருக்கோ, ஒவ்வொரு முறையும் அது ஒரு சிறு அபராதமாகிவிடுகிறது.

கார்ட் உருண்டுவந்து உங்கள் கார் நசுங்கினால் என்ன வழி என்பதையும் பார்ப்போம். கார்ட்டை நகர்த்துவதற்கு முன்பே படம் எடுங்கள்: சக்கரம் நிற்கும் திசை, தரைச் சரிவு, அடைப்பு இருக்கும் தூரம் எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். மேலாளரிடம் சொல்லி, நடந்ததைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். நாள் கடந்தால் அதன் மேல் புதிய பதிவு ஏறிவிடும். “சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற பலகையைப் பார்த்ததுமே பின்வாங்க வேண்டாம். கடையின் கவனக்குறைவை நிரூபிக்க முடிந்தால் அந்தப் பலகை மட்டும் கடையைக் காப்பாற்றிவிடாது. சரிவான இடத்தில் அடைப்பை வைத்தது, கார்ட்டுகளை மணிக்கணக்கில் சேர்க்காமல் விட்டது ஆகியவை அதில் வரும். ஆனால் வேறொரு வாடிக்கையாளர் இரண்டு நிமிடத்துக்கு முன் விட்டுப்போன கார்ட் என்றால் கடையைப் பிடிப்பது கடினம். காப்பீட்டில் பெரும்பாலும் இது மோதல் சேதப் பிரிவில்தான் வரும். நம் கையிலிருந்து முதலில் போட வேண்டிய தொகை, பழுதுச் செலவைவிட அதிகமாக இருந்துவிடுவதும் உண்டு. கலிஃபோர்னியாவில் தனிநபர் ஒருவர் 12,500 டாலர் வரையிலான கோரிக்கையைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே கொண்டுபோகலாம். பொருள் சேதத்துக்கு மூன்று ஆண்டும், உடல் காயத்துக்கு இரண்டு ஆண்டும் கால வரம்பு. மற்ற மாநிலங்களில் தொகையும் காலமும் மாறும்.

மாற்றுத்திறனாளிகளின் பட்டை மறிக்கப்படுவது பற்றிய புகாரில்தான் நம் முழுக் கவனமும் இருக்க வேண்டும் என்பேன். பட்டையில் நிற்கும் கார்ட்டுகள் எல்லாம் அலட்சியக்காரர்கள் விட்டவை அல்ல. அந்த இடத்தில் நிறுத்த உரிமை பெற்றவர்களே, ஊன்றுகோலோடு அடைப்பு வரை நடக்க முடியாமல், வேறு வழியின்றி அங்கே விட்டுப்போவதும் உண்டு. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவரிடம் போய் நாகரிகம் பேச முடியாது. அங்கே தவறு அமைப்பில் இருக்கிறது. பல வளாகங்களில் அடைப்புகள் பார்க்கிங்கின் நடுவிலும் கடைக்கோடியிலும் இருக்கும். மாற்றுத்திறனாளிகள் இடத்தின் பக்கத்தில் ஒன்றுகூட இருக்காது. பட்டையை மறிக்காமல், நான்கு எட்டில் சேரும்படி அங்கேயே ஓர் அடைப்பு வைப்பது கடைக்குப் பெரிய செலவல்ல. இதைக் கேட்க மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டியதில்லை, அங்கே சாமான் வாங்குகிற யாரும் கேட்கலாம். தேதி, நேரம், எந்த இடம், எத்தனை கார்ட், ஒரு படம் ஆகியவற்றோடு முதலில் மேலாளருக்கும், பிறகு தலைமை அலுவலகத்துக்கும் எழுதுங்கள். ஒரே கடையில் இது திரும்பத் திரும்ப நடந்தால் அமெரிக்க நீதித்துறையின் குடிமை உரிமைகள் பிரிவுக்கு இணையத்திலேயே, கட்டணம் இல்லாமல் புகார் அனுப்பலாம். பாதிக்கப்பட்டவர் கலிஃபோர்னியாவில் இருந்தால் மாநிலத்தின் அன்ரூ குடிமை உரிமைகள் சட்டமும் அவருக்குத் துணை. அதன்படி நிரூபணமான ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தது 4,000 டாலர் இழப்பீடு உண்டு. மத்தியச் சட்டமான அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் தனிநபர் தொடுக்கும் வழக்கில் பண இழப்பீடு கிடைக்காது, குறையைச் சரிசெய்யும் உத்தரவை மட்டுமே பெறலாம். பட்டை திறந்திருந்தால் போதும் என்று நினைப்பவருக்கு அந்த உத்தரவே பெரிது.