பழைய லேப்டாப்பில் எதற்குக் காசு போடலாம்?

தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அப்போது வந்தவற்றில் பல இன்னும் வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும்: "ராம் ஏத்தினா சரியாயிடும்" அல்லது "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிடுங்க". இரண்டுக்கும் தலையாட்டுவதற்கு முன் மெஷினையே கேட்டுவிடலாம்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். சிபியு சும்மா கிடக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது. மெமரியும் 90-ஐத் தாண்டினால் ராமும் போதவில்லை. ராம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் எழுதத் தொடங்கும், அதனால் இரண்டும் சேர்ந்தே ஏறும். எப்போதும் சிபியுதான் 100-ல் நிற்கிறது என்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பாகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஹார்ட் டிஸ்கில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹெட் நகர வேண்டும், தட்டு சுழன்று வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் 10 மில்லி செகண்டுக்கு மேல் போகும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களை இப்படித் தேடுகிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, 0.1 மில்லி செகண்ட் அளவில் முடிந்துவிடும். பழைய சாட்டா போர்ட்டில் எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காதே என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், இந்தத் தேடும் நேரம் குறைவதுதான் பெரிய லாபம். 2.5 இன்ச் சாட்டா, 256 ஜிபி போதும். எம்.2 ஸ்லாட் இருந்தால் அது சாட்டாவா, என்விஎம்இயா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் பேக்கப்புக்கு ஆகும்.

அடுத்து ராம். 2-லிருந்தோ 4-லிருந்தோ 8 ஜிபிக்குப் போனால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பிரவுசரும் வேர்டும் மட்டும் பயன்படுத்துபவருக்கு 16 ஜிபி வீண் செலவு. டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 உட்காராது. இன்டெல் 4-ஆம் தலைமுறை லேப்டாப்புக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். மேக்புக் ஏர் போன்ற மெல்லிய மாடல்களில் ராம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும்; அங்கே இந்தப் பேச்சே எழாது. மெமரி விலை 2025 இறுதியிலிருந்து ஏறிவிட்டதால், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் டெஸ்ட் செய்து தரும் பழைய ராம் வாங்குவதில் தவறில்லை. எஸ்எஸ்டியைப் பழையதாக வாங்காதீர்கள். எழுத எழுதத் தேயும் பொருள் அது.

ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள். சூடேறினால் சிபியு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரி உப்பி டச்பேட் தூக்கியிருந்தால் அன்றே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும். பிராசஸரை மாற்றும் யோசனையை விட்டுவிடலாம். இன்டெல் 5-ஆம் தலைமுறையிலிருந்து எல்லாமே சால்டர்தான்.

இத்தனை செய்தாலும் ஒன்று நம் கையில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0-உம் கேட்கிறது. எந்த எஸ்எஸ்டியும் ராமும் அதைச் சரிக்கட்டாது. பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸில் பேங்க் வேலை பார்க்காதீர்கள். லினக்ஸ் மின்ட் போடலாம். இலவசம், தமிழில் டைப் செய்யலாம், லிப்ரே ஆபீஸ் கூடவே வரும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு அது தாராளம். ஆனால் டாலி போல விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள்தான் உங்கள் பிழைப்பு என்றால், பழைய மெஷினுக்குச் செலவழிக்காமல் 8-ஆம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பைப் பாருங்கள்.

மொத்தச் செலவு அப்படிப்பட்ட செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் நிறுத்திக்கொள்வேன். கடைக்குப் போகும் முன் அடிமூடியைத் திறந்து, ராம் ஸ்டிக்கரையும் லேப்டாப்பின் மாடல் எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.