சுமந்த வண்டியை வாங்குதல்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலோ தோவாளைப் பூச்சந்தையிலோ பொழுது புலருமுன் போய் நிற்பவர்கள், தமிழ்நாட்டின் சில்லறை வியாபாரம் எந்தச் சக்கரங்களின்மேல் ஓடுகிறது என்பதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். வெளியூர்களுக்குப் பெரிய லாரிகள் புறப்படுவது உண்மைதான். ஆயினும் தோட்டத்திலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து கடைக்கும் ஓயாமல் நடக்கும் அந்தக் குறுகிய பிரயாணங்களை நடத்தித் தருபவை சிறிய டீசல் வண்டிகளே. 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் டாட்டா மோட்டார்ஸ் வெளியிட்ட ‘ஏஸ்’, இரண்டே சிலிண்டர்களும் 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உள்ள ஒரு சின்னஞ்சிறு டீசல் எஞ்சினைக் கொண்டு முக்கால் டன் பாரத்தை இழுத்தது. ஜனங்கள் அதைக் குட்டி யானை என்று அழைத்தார்கள். 2011இல் அசோக் லேலண்டும் ஜப்பானிய நிஸ்ஸானும் கூட்டாகச் சேர்ந்து ஓசூரிலிருந்து கொண்டுவந்த ‘தோஸ்த்’ ஒன்றேகால் டன் ஏற்றியது. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப், இரண்டரை லிட்டர் எஞ்சினின் வலுவால், மேடுபள்ளமான தோட்டப் பாதைகளுக்கும் மலைச்சாலைகளுக்கும் உகந்ததென்று பெயர் வாங்கியது.

இவற்றைப் புதிதாக வாங்கும் சக்தி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பிறருடைய வண்டியைப் பல வருஷம் ஓட்டிவிட்டுச் சொந்தமாக ஒன்று வேண்டுமென்று ஆசைப்படும் டிரைவர், தண்ணீர்க் கேன் போடுகிறவர், பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவர், விளைந்ததைத் தாமே சந்தைக்குக் கொண்டுபோக விரும்பும் விவசாயி ஆகிய இவர்களெல்லாம் பெரும்பாலும் கைமாறிய வண்டியைத்தான் நாடுகிறார்கள். மனைவியின் நகையை அடகு வைத்த பணமோ, வட்டிக்கு வாங்கிய பணமோ அதில் கலந்திருக்கும். அந்த வண்டி நின்றுபோனால் குடும்பத்தின் ஜீவனமே நின்றுபோகும். ஆகையால் இந்த வியாபாரத்தில் ஏமாறாமல் இருப்பதற்கான விவரங்களை ஒரு சாதாரண மனிதர் அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

வாங்க வருகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதுதான். சுமை வண்டியின் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு நாம் கொடுக்கும் முக்கியத்துவம் அளவுக்கு மிஞ்சியது என்பது என் திடமான அபிப்பிராயம். மீட்டரைத் திருத்திவைப்பது கடினமான காரியமன்று என்பது ஒருபுறமிருக்க, திருத்தப்படாத மீட்டர்கூட வண்டி எவ்வளவு தூரம் போயிற்று என்று சொல்லுமேயன்றி என்ன பாரத்தைச் சுமந்துகொண்டு போயிற்று என்று சொல்லாது. ரொட்டியும் பிஸ்கட்டும் ஏற்றி நகரத்துக் கடைகளுக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, செங்கல் சூளையிலும் எம்-சாண்ட் குவாரியிலும் எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைவிட நல்ல ஸ்திதியில் இருக்கக்கூடும். ஆதலால், இதற்கு முன் இந்த வண்டி யாரிடம், எந்த ஊரில், எந்தச் சரக்கை ஏற்றிக்கொண்டிருந்தது என்பதையே விசாரித்தறிய வேண்டும்.

விற்பவர் சொல்லாவிட்டாலும் வண்டி சொல்லும். மாட்டுச் சந்தைக்குப் போகிற விவசாயி பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு நிற்காமல் நுகத்தடி அழுந்திய கழுத்தையும் தடவிப் பார்ப்பதுபோல, வண்டியின் பளபளப்பான முகப்பைவிட்டு அதன் அடிவயிற்றுக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். பின் அச்சின் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி பொருத்தி அனுப்பிய எண்ணிக்கைக்கு மேல் ஒன்றிரண்டு பட்டைகள் புதிதாகச் செருகப்பட்டிருந்தால், அனுமதிக்கப்பட்ட பாரத்துக்கு மேல் ஏற்றுவதையே வழக்கமாகக் கொண்ட ஒருவரிடம் அந்த வண்டி இருந்ததென்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். அந்தப் பட்டைகள் சேஸியோடு சேரும் இடங்களில் வெடிப்போ, வெடிப்பை மறைத்த வெல்டிங்கோ, அந்த இடத்தில் மட்டும் புதிய கறுப்புப் பெயிண்டோ தென்படுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் கெட்டால் பிரித்து வேலை பார்க்கலாம், பெட்டி கெட்டால் மாற்றலாம். வளைந்து வெடித்த சேஸியை மீட்பது யாராலும் எளிதில் ஆகாது. என்னைக் கேட்டால், சேஸியில் வெல்டிங் கண்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்றே சொல்வேன். சேஸியில் பொறித்த எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்பதையும் அப்பொழுதே பார்த்துவிடலாம்.

இனி எஞ்சினுக்கு வருவோம். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1893இல் காப்புரிமை பெற்று, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய யந்திரத்தின் தத்துவம் இன்றளவும் மாறவில்லை. பெட்ரோல் எஞ்சினில் ஒரு பொறி நெருப்பை உண்டாக்குகிறது. டீசல் எஞ்சினிலோ, காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக இறுக்கும்போது அது 500 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் சூடேறி, அதில் பீய்ச்சப்படும் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்கிறது. எனவே டீசல் எஞ்சினின் உயிர் அந்த அமுக்கத்தில் இருக்கிறது. பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவர்களும் தேய்ந்துவிட்டால் காற்று கீழே கசிகிறது. கசிந்தால் சூடு குறைகிறது. சூடு குறைந்தால் காலையில் வண்டி எளிதில் எடுப்பதில்லை.

இந்தத் தத்துவத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பரீட்சை செய்யும் முறை தானே விளங்கும். வண்டியைப் பார்க்க அதிகாலையில் போக வேண்டும். நாம் வருவதற்கு முன்னால் எஞ்சினை ஓட்டிவைக்க வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனவுடன் எஞ்சின்மேல் கைவைத்துப் பாருங்கள். அது சூடாக இருந்தால், எதையோ மறைப்பதற்காக யாரோ அதை முன்பே எழுப்பிவிட்டார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. குளிர்ந்த எஞ்சின் இரண்டு மூன்று சுற்றில் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த கணத்தில் சிறிது வெண்புகை வந்து மறைவது சகஜம். சூடேறிய பிறகும் அது நிற்காவிட்டால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறதோ, நாசில் பழுதோ என்று விசாரிக்க வேண்டும். நீலம் கலந்த புகை, எஞ்சின் ஆயில் எரிகிறதென்பதற்கு அடையாளம். கரும்புகை எண்ணெய் முழுமையாக எரியவில்லை என்று காட்டுகிறது. அழுக்கடைந்த ஏர் ஃபில்டரால் வரும் அற்பக் காரணமாகவும் இருக்கலாம், டர்போவோ பம்போ கெட்ட பெருஞ்செலவாகவும் இருக்கலாம். பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென்று அழுத்தத்தோடு வந்தால், மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது’ என்பார்கள். வளையங்கள் தேய்ந்துவிட்டன என்பது அதன் தாத்பரியம். அத்தகைய எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதற்கு ஆகும் செலவை விலையிலிருந்து கழிக்காமல் பேரம் பேசுவதில் பிரயோஜனமில்லை.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைவதும் போதாது. சுமை வண்டியின் கிளட்ச்சும் கியர் பாக்ஸும் பின் அச்சின் கிரவுனும் பாரத்தின்கீழ்தான் தங்கள் குறையை வெளிப்படுத்தும். பத்து மூட்டையாவது ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் ஏற்றிப் பார்ப்பதற்கு விற்பவர் சம்மதிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் படித்துக்கொள்ளலாம். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருஷத்தின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டதென்று பொருள்.

எந்தக் காலத்து வண்டியை வாங்குவது என்ற கேள்வி இப்பொழுது முன்னைவிடச் சிக்கலாகியிருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடெங்கும் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்-4 விதியும், 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்-6 விதியும் அமலுக்கு வந்தன. டீசலில் உள்ள கந்தகத்தின் அளவும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. ஜனங்களின் சுவாசத்துக்கு இது பேருபகாரம். ஆனால் புதிய விதிக்கேற்பப் புகைக்குழாயில் வந்து சேர்ந்த கரித்துகள் வடிகட்டிக்கு ஒரு சுபாவம் உண்டு: சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அதற்குக் கடுஞ்சூடு வேண்டும், அந்தச் சூடு நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால்தான் நன்கு கிட்டும். தெருத்தெருவாக நின்று நின்று போகும் தண்ணீர்க் கேன் வியாபாரத்துக்கு அத்தகைய வண்டியை வாங்கினால், வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரியும். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று யோசனை சொல்லுகிறவர்கள் உண்டு. அது சட்ட விரோதம் என்பதோடு, அந்த வண்டிக்குப் பின்னால் நடந்துபோகும் குழந்தைகளுக்குச் செய்யும் துரோகமும் ஆகும். நாள்தோறும் தூரம் போகிறவர்கள் பி.எஸ்-6 வண்டியையும், ஊருக்குள் சுற்றுகிறவர்கள் நன்கு பராமரிக்கப்பட்ட பி.எஸ்-4 வண்டியையும் நாடுவது உசிதம்.

வண்டி பிடித்துவிட்டது என்பதற்காக உடனே முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிடலாகாது, பத்திரங்கள் மிச்சமிருக்கின்றன. ஃபைனான்ஸ் பாக்கி தீர்ந்ததா, தீர்ந்திருந்தால் ஆர்.சி.யில் அந்தக் கடனைக் குறிக்கும் எச்.பி. பதிவு 35ஆம் நம்பர் படிவத்தின்மூலம் ரத்துச் செய்யப்பட்டதா, தகுதிச் சான்றான எஃப்.சி. எதுவரை செல்லும், அபராதங்கள் நிலுவையில் உள்ளனவா என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வாடகை வண்டிக்கு எட்டு வயது வரையில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதன்பின் வருஷந்தோறும் எஃப்.சி. காட்ட வேண்டியிருப்பதால், ஏழு வயது வண்டியை வாங்குகிறவர் அடுத்து வரப்போகும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்பது சிறு முதலாளிகளுக்கு ஒரு சௌகரியம்.

பெயர் மாற்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நம்முடைய சமூகத்தில் இதைப்போல அலட்சியம் செய்யப்படும் காரியம் வேறில்லை. 29, 30 ஆகிய படிவங்களில் வெறும் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வண்டி புரோக்கர் கைமாறி, மூன்றாவது நாலாவது மனிதரிடம் போன பிறகும் ஆர்.சி.யில் முதல் உரிமையாளரின் பெயரே நிலைத்திருப்பது சர்வசாதாரணம். சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நவீன் குமார் வழக்கில் 2018ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் இந்த விஷயத்தைச் சந்தேகத்துக்கிடமின்றித் தீர்த்துவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நேர்ந்த நாளில் ஆர்.சி.யில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்குப் பொறுப்பும் அவரே. எப்பொழுதோ விற்று மறந்துபோன வண்டிக்காக ஒருவர் கோர்ட்டுப் படியேற வேண்டியிருக்கும் என்பதை விற்பவர்கள் உணர்ந்தால், பெயர் மாற்றத்துக்கு வாங்குகிறவரைவிட அவர்களே அவசரப்படுவார்கள். இன்ஷூரன்ஸையும் கூடவே மாற்றிக்கொள்ள வேண்டும்.

சொந்தமான பிறகு செய்ய வேண்டிய உபசாரங்கள் அதிகமில்லை, ஆனால் தவறக் கூடாதவை. டீசலில் கலந்த தண்ணீர்தான் இந்த எஞ்சின்களின் முதல் சத்துரு. பம்பும் இன்ஜெக்டரும் மயிரிழை நுட்பத்தோடு கடைந்தெடுக்கப்பட்டவை, டீசலையே மசகாகக் கொண்டவை, ஆகவே தண்ணீர் பட்டால் துருப்பிடித்துத் தேயும். ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரைத் திறந்துவிடுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். இன்ஜெக்டர்கள் கெட்டால் ஒரு மாதத்து வருமானம் போய்விடும். முந்திய உரிமையாளர் ஆயில் எப்பொழுது மாற்றினார் என்று ஆராய்ந்துகொண்டிராமல், வாங்கிய வாரத்திலேயே ஆயிலையும் எல்லா ஃபில்டர்களையும் மாற்றி, அன்றைய தேதியை ஒரு நோட்டில் எழுதிவைப்பது நல்லது. டர்போ உள்ள வண்டியை மேட்டில் இழுத்துவந்து நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பிவிடாமல், ஒரு நிமிஷம் நிதானமாக ஓடவிட்டு நிறுத்த வேண்டும். வாடகையாகக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தினந்தோறும் எடுத்துவைக்காதவருக்கு டயர் மாற்றும் நாளும் எஃப்.சி. நாளும் கடன்பட வேண்டிய நாட்களாகவே வந்து சேரும்.

பாரத்தைப் பற்றிய எச்சரிக்கை வாங்கும்பொழுது பிறர்மேல் செலுத்தப்பட்டது. வாங்கிய பின் அது நமக்கே உரியதாகிறது. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதமென்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் விதிக்கிறது. பிரேக் பிடித்த வண்டி நிற்காமல் போகும் தூரமோ எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல் பாரத்தோடு கூடவே வளர்கிறது.

பாரத்தைவிடவும் கொடியது, சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது. களையெடுக்கப் போகும் பெண்களையும், திருவிழாவுக்குப் போகும் குடும்பங்களையும், பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இல்லாத பெட்டியில் நிற்கவைத்துக் கொண்டுபோகும் வழக்கம் நம் கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது. ஆஷா ராணி வழக்கில் 2002ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பின்படி, சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ அல்லாத பிரயாணிகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பன்று. சில வழக்குகளில் கம்பெனியே முதலில் கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிட்டாலும், கொடுத்ததை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு. வண்டியையும் வீட்டையும் விற்றாலும் அந்த ஈட்டுத்தொகை தேறாமற்போகலாம். போன உயிர்களைப் பற்றியோ பேச்சே இல்லை. வேண்டியவர்கள் வந்து கேட்கும்போது மறுப்பது சங்கடம்தான். மறுத்துவிட்டு, அவர்களுக்கு ஒரு வேனையோ மினி பஸ்ஸையோ பேசி அமர்த்திக் கொடுத்து, பாத்திரங்களையும் அரிசி மூட்டைகளையும் மட்டும் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் உரிமையாளர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அப்படிச் செய்வதற்குக் கூடுதலாக ஆகும் வாடகையை ஊரார் பங்கிட்டுக்கொண்டால் தலைக்குச் சில ரூபாய்தான் வரும்.