கலிம்போங் பிள்ளைகள்

டார்ஜிலிங் தேயிலையின் மணத்தை நாம் அறிவோம். அந்தத் தோட்டங்களில் பிறந்து, பெற்ற தாயைப் பிரிந்து வளர்ந்த பிள்ளைகளின் வரலாற்றை நம்மில் அறிந்தோர் சிலரே.

ஆங்கிலேயர் ஆட்சியில் அஸ்ஸாமுக்கும் டார்ஜிலிங்குக்கும் வந்த தோட்டத் துரைமார் பெரும்பாலும் மணமாகாத இளைஞர்கள். தோட்டத்தில் வேலை செய்த பெண்களோடும், நேபாளி, லெப்சா, காசி இனப் பெண்களோடும் சிலர் குடித்தனம் நடத்தினர், பிள்ளைகளும் பிறந்தனர். அக்குடும்பத்தை ஊரறியத் தம்முடையது என்று சொல்லத்தான் பலருக்குத் துணிவில்லை.

இப்பிள்ளைகளுக்காக ஜான் ஆண்டர்சன் கிரகாம் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1900-இல் கலிம்போங்கில் ஓர் இல்லம் தொடங்கினார். சோறு, துணி, படிப்பு எல்லாம் கிடைத்தன. ஆனால் தாயின் தொடர்பு வேண்டுமென்றே அறுக்கப்பட்டது. தாய் இறந்தால் பிள்ளை அநாதையாவது உலகத்து இயல்பு. இங்கேயோ தாய் உயிரோடிருக்கையிலேயே பிள்ளை அநாதையாயிற்று! பாதிரியாரின் இரக்கத்தை நான் ஐயுறவில்லை. அந்த இரக்கத்தின் அடியிலிருந்த கணக்கைத்தான் ஏற்க இயலவில்லை.

கலப்பினப் பிள்ளைகளுக்கு இந்தியாவில் நல்வாழ்வு இல்லை, ஆகவே வெள்ளையர் குடியேறிய நாடுகளுக்கு அனுப்ப வேண்டும் என்பதே அக்கணக்கு. இல்லத்தின் முதற்பெயரே ‘செயின்ட் ஆண்ட்ரூஸ் காலனியல் ஹோம்ஸ்’. 1908 முதல் 1938 வரை ஏறத்தாழ 130 பேர் நியூசிலாந்துக்குக் கப்பலேறினர். பெண்கள் வீட்டு வேலைக்கு, ஆண்கள் பண்ணை வேலைக்கு. படிப்பெல்லாம் இதற்குத்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

சட்டமும் தாயை எண்ணவில்லை. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பின்னர் நம் அரசியல் சட்டத்தின் 366-ஆவது விதியிலும், தந்தை வழியில் ஐரோப்பியக் குருதி உடையவரே ஆங்கிலோ இந்தியர். தாய் ஐரோப்பியர், தந்தை இந்தியர் எனில் அப்பெயர் கிட்டாது. அச்சமூகத்துக்கு மக்களவையில் இருந்த 2 நியமன இடங்களும் 2020-இல் முடிந்தன.

நியூசிலாந்து சென்றோரிற் பலர் இந்தியாவைப் பற்றித் தம் மக்களிடமும் வாய்திறக்கவில்லை. பேரப்பிள்ளைகள் காலத்திலேதான் தேடல் தொடங்கிற்று. அப்பேத்திகளுள் ஒருவரான ஜேன் மெக்கேப் வரலாற்றாசிரியர். இதை ஆராய்ந்து 2017-இல் நூலாக வெளியிட்டார். கலிம்போங்கின் பழைய கோப்புகளில் தந்தையர் எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன. தாய்மார் எழுதியவற்றைக் காண்பது அரிது.