வலிப்பும் நாடாப்புழுவும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில், தவணை தவறிய அங்கத்தினரிடம் காரணம் வினவுவது நம் கடமை. நூல் விலையும் மழையின்மையும் முதலில் சொல்லப்படும். சற்றுப் பொறுத்துக் கேட்டால் வீட்டிலுள்ள நோய்ச் செலவும் வெளிப்படும். அந்நோய்களுள் ஒன்று வலிப்பு. குழித்தறியில் அமர்ந்திருப்பவருக்கோ கிணற்று மேட்டில் நிற்பவருக்கோ வலிப்பு வந்தால் கூலி மட்டுமன்று, உயிரே போகலாம். ஆயினும் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பேய் பிடித்ததென மந்திரிப்பதும் நம் ஊர்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. வலிப்புகளுள் ஒரு பகுதிக்குக் காரணம் ஒரு புழு என்பதையும், அதனைத் தடுக்க இயலும் என்பதையும் அங்கத்தினர் அனைவரும் அறிதல் வேண்டும்.

பன்றி நாடாப்புழு மனிதக் குடலில் 2 முதல் 7 மீட்டர் வரை வளர்வது. நன்கு வேகாத பன்றி இறைச்சியிலுள்ள புழுக்கட்டிகளால் அது குடலை அடைகிறது. குடலில் புழு உள்ளவரின் மலத்தோடு அதன் முட்டைகள் வெளியேறுகின்றன. அம்மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் கட்டிகள் உண்டாகின்றன. அதே முட்டைகள் கழுவாத கையினாலோ காய்கறியினாலோ மனிதன் வயிற்றுக்குள் சென்றால், அவன் மூளையிலும் கட்டிகள் தோன்றி வலிப்பை உண்டாக்கும். ஆகவே, புலால் உண்ணாதவருக்கும் இந்நோய் வரும். 1992-ல் நியூயார்க்கில், பன்றி இறைச்சியை மதவிதிப்படி விலக்கிய யூதக் குடும்பங்களில் இந்நோய் கண்டதாக மருத்துவர்கள் எழுதினர். அக்குடும்பங்களில் சமையல் முதலிய வேலை செய்தோர் வழியாகவே முட்டைகள் பரவின எனக் கருதப்பட்டது.

நம் மாநிலத்திற்கு இது புதிதன்று. சென்னையில் 1888-லேயே, வலிப்பால் இறந்த ஒரு கூலித் தொழிலாளியிடம் இந்நோய் காணப்பட்டது. பின்னாளில் ஸ்கேன் படங்களில் தென்பட்ட சிறு மூளைக் கட்டிகள் காசநோய்க் கட்டிகள் என்றே பெரிதும் கருதப்பட்டன. நோயாளிகள் மாதக்கணக்கில் காசநோய் மருந்து உண்டனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மாத்யூ சாண்டி, டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் அத்தகைய கட்டிகளை எடுத்து ஆராய்ந்து, அவற்றுள் பல நாடாப்புழுக் கட்டிகளே என்று 1989-ல் வெளியிட்டனர். வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியாயிற்று. 1,000 பேருக்கு ஏறக்குறைய 4 பேர் வலிப்பால் துன்புறுவதும், அவர்களுள் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுவே காரணம் என்பதும் அதனால் தெரிந்தன.

வேலூர்ச் செய்திதானே என்று தென்காசி வட்டாரத்தார் இருந்துவிடலாகாது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து நம் காய்கறிகள் கேரளம் வரை செல்கின்றன. பறித்த கீரையை வாடாதிருக்க வாய்க்கால் நீரில் அலசுவது வழக்கம். கரையில் எவரேனும் மலம் கழித்திருந்தால் அந்நீரே முட்டைகளைச் சுமக்கும். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலுக்குப் பெருங்கூட்டம் திரள்கிறது. அங்கே கழிப்பிடம் தவறிச் செய்யும் அசுத்தம் மழைநீரோடு சிற்றாற்றில் கலந்து நம் வயல்களுக்கே வந்து சேரும்.

செய்யவேண்டுவன அரியவை அல்ல. கழிப்பறையையே பயன்படுத்துதல், மலம் கழித்தபின்னும் உண்ணுமுன்னும் சோப்பினால் கை கழுவுதல், பச்சையாக உண்ணும் காய்களை நல்ல நீரில் பலமுறை கழுவுதல், பன்றிகளை அடைத்து வளர்த்தல், இறைச்சியை உள்வரை வேகவைத்தல் ஆகியவையே காப்பு. மலத்தில் வெண்ணிற நாடாத் துண்டுகள் கண்டால் நாணாது மருத்துவரிடம் கூறுக. குடற்புழுவை நீக்க மருந்து உண்டு. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதனையும் திணியாது காத்து, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. தாமாகப் பூச்சி மருந்து வாங்கி உண்ணுதல் ஆபத்து; மூளையிலுள்ள கட்டி திடீரென அழியும்போது வீக்கம் மிகும். வலிப்பு மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது.

ஒருவர் வீட்டுப் புழு அடுத்த வீட்டுக் குழந்தையின் மூளையைத் தாக்கும் நோய் இது. தனி ஒருவர் தூய்மையாக இருந்து தப்ப இயலாது. ஊரே கூடித் தடுக்கவேண்டிய இதற்குக் கூட்டுறவைவிடத் தக்க வழி வேறில்லை. அடுத்த பொதுக்குழுவில் கடன், லாபப் பங்கீடு ஆகியவற்றோடு இவ்விஷயத்தையும் ஒரு பொருளாக வைத்து ஆலோசிக்குமாறு சங்கங்களை வேண்டுகிறோம்.