வலியைச் சொல்லுதலும் வலியைத் தணித்தலும்

காய்ச்சலை அளக்கக் கருவியுண்டு. குருதியழுத்தத்தை அளக்கவும் கருவியுண்டு. வலியை அளப்பதற்கு அத்தகைய கருவி இன்றுவரை இல்லை. நோயாளியின் சொல்லே அதற்கு அளவுகோல். ஆதலின் வலியைத் தணித்தல் மருத்துவத்தின் பணியாயினும், அதன் முதற்படி மொழியைச் சார்ந்திருக்கிறது. கடும்நோயுற்றோரின் வலியைத் தணிக்க மருந்துடன் சேர்த்துக் கையாளப்பெறும் பிற வழிகளையும், அவற்றில் நம் சொற்களுக்கு உள்ள பங்கினையும் இவ்வுரையில் நோக்குவோம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். மருந்தில்லா வழிகள் என்பவை மருந்தை விலக்கும் வழிகள் அல்ல. புற்றுநோய் முதலியவற்றால் எழும் கடும்வலிக்கு மார்பின் போன்ற மருந்துகள் பலருக்கு இன்றியமையாதவை. அவற்றின்மீது கொண்ட அச்சத்தால் ஒத்தடமும் தைலமுமே போதும் என்று இருந்துவிடுவது நோயாளிக்குத் துன்பத்தையே மிகுவிக்கும். மருந்தோடு இணைந்து நிற்கும்போதே இவ்வழிகள் பயன் தருகின்றன.

இவை எவ்வாறு பயன் தருகின்றன? முழங்காலை இடித்துக்கொண்டவர் உடனே அவ்விடத்தைத் தேய்த்துவிடுகிறார். வலி சற்றுக் குறைகிறது. இதற்கு ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் அறிஞர் இருவர் 1965ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் அளித்தனர். முதுகுத் தண்டுவடத்தில் ஒரு வாயிற்கதவு இருப்பதுபோல் வலிச்செய்திகள் கட்டுப்படுத்தப்படுகின்றன என்றும், தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் அக்கதவை ஓரளவு அடைக்கின்றன என்றும் அவர்கள் கூறினர். மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அக்கதவைத் திறக்கவோ அடைக்கவோ வல்லவை. இக்கோட்பாட்டின் நுட்பங்கள் சில பின்னர்த் திருத்தப்பட்டன. எனினும் தொடுகையும் கவனமும் அச்சமும் அமைதியும் வலியின் அளவை மாற்றுகின்றன என்னும் அடிப்படை நிலைபெற்றுவிட்டது.

தணிக்கும் வழிகள் பலவும் எளியவை. தலையணைகளை அண்டக்கொடுத்து உடலைத் தாங்குதல், ஒரே பக்கமாகக் கிடத்தாமல் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல், இதமான வெந்நீர் ஒத்தடம், குளிர் ஒத்தடம், கையையோ காலையோ மெல்ல நீவிவிடுதல், மூச்சை நிதானமாக இழுத்து அதனினும் நிதானமாக விடுதல், நோயாளி விரும்பிய பாட்டைக் கேட்கச்செய்தல், அருகமர்ந்து படித்துக்காட்டுதல் ஆகியன அவற்றுட் சில. ஆயினும் எந்த வலிக்கு எது தகும் என்பதை வலியின் தன்மையே தீர்மானிக்கிறது. அத்தன்மையை அறிவிப்பது சொல்.

மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல், வலியை வருணிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக வகுத்துத் தந்தது. நோயாளி தெரிந்தெடுக்கும் சொல்லே மருத்துவருக்குக் குறிப்பாகிறது. தமிழில் இத்தகைய சொற்கள் ஏராளம். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு, இழுப்பு என்பன பெயர்ச்சொற்கள். 'சுரீரென்று', 'விண்விண்ணென்று', 'சுருக்கென்று' என்பன ஒலிக்குறிப்பால் உணர்வைக் காட்டுவன. நம் வீட்டு முதியோர் இவற்றை வேறுபாடறிந்தே வழங்குகின்றனர்.

'எரிகிறது', 'சுரீரென்று இழுக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அது நரம்பு சார்ந்த வலியாக இருக்கக்கூடும். அவ்விடத்தில் போர்வை படுவதும் துன்பமாகலாம். உணர்ச்சி மரத்திருந்தால் வெந்நீர்ப் பை தோலைச் சுட்டுவிடும். 'குடைகிறது, அசைந்தால் உயிர் போகிறது' என்பது எலும்பு சார்ந்த வலியைச் சுட்டலாம். அங்கே அழுத்தித் தேய்த்தல் ஆகாது. தாங்கிப் பிடித்துப் பக்கம் மாற்றுதலே தகும். புற்றுநோய் எலும்பில் பரவியதால் வரும் வலியைக் கதிரியக்கச் சிகிச்சையும் தணிக்கக்கூடும். 'வயிற்றை முறுக்கிப் பிழிகிறது' என்பது குடல் சார்ந்ததாக இருக்கலாம். அதனைத் தாதியரிடம் உடனே தெரிவித்தல் வேண்டும். சொல் நோயை முடிவுசெய்வதில்லை. மருத்துவர் எத்திசையில் ஆராய வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

நம் நாட்டு மருத்துவமனைகளில் தாதியரும் மருத்துவரும் தமிழறியாதவராக இருத்தல் இயல்பு. அப்போது பேரனோ பேத்தியோ மொழிபெயர்ப்பாளராகிறார். பாட்டி 'குடைச்சல்' என்கிறார்; 'எரிச்சல்' என்கிறார்; 'உளைச்சல்' என்கிறார். மூன்றும் ஆங்கிலத்தில் 'வலி' என்னும் ஒற்றைச் சொல்லாகிச் சேர்கின்றன. சுழியத்திலிருந்து பத்துவரை எண் கேட்கும்போதும் இடர்ப்பாடு எழுகிறது. வலியை எண்ணாகச் சொல்லிப் பழகாதவர் 'தாங்கலாம்', 'தாங்க முடியவில்லை' என்றே விடையளிப்பர். அவ்விடையை அவர் சொன்னவாறே எடுத்துரைப்பது நலம்.

இலண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் நோயாளர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், உள்ளம், குடும்பச் சூழல், ஆன்மிகம் ஆகிய நான்கும் கூடியதை 'முழுமை வலி' என்றார். தமிழர்க்கு இக்கருத்து அயலானதன்று. 'நோய்' என்னும் சொல் பழந்தமிழில் உடற்பிணியோடு உள்ளத் துயரையும் குறித்தது. குறளின் காமத்துப்பாலில் பிரிவுத்துயர் 'நோய்' எனவே வழங்குகிறது. ஆகவே, 'மனசு சரியில்லை' என்று நோயாளி சொல்லும்போது அதனையும் வலியைப் பற்றிய செய்தியாகவே கொள்ளல் வேண்டும். கேட்பாரின்றித் தனித்துக் கிடப்பவரின் அச்சம் வலியை மிகுவிக்கிறது. பொறுமையாகக் கேட்பவர் உடனிருப்பது அதனைத் தணிக்க உதவுகிறது.

சொல் இழந்தோரும் உளர். மறதிநோய் முற்றியவரும் நினைவு மங்கியவரும் தம் வலியைச் சொல்ல இயலார். அவர்தம் முகச்சுளிப்பு, முனகல், விறைத்த கைகால், தொடும்போது விலகுதல் ஆகியவற்றை நாம் சொற்களாகக் கொள்ள வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பணியை முன்வைக்கிறோம். வலிச்சொற்களை வகுப்பில் ஒரு பாடமாக்கலாம். மாணவர் தம் வீட்டு முதியோரிடம் இச்சொற்களைக் கேட்டுத் தொகுக்கட்டும். ஒவ்வொன்றும் எவ்வகை வலியைக் குறிக்கிறது என்பதைத் தமிழிலும், தாதியருக்கு விளங்குமாறு ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒரு தொடரால் எழுதட்டும். என்றேனும் ஒருநாள் மருத்துவமனைக் கட்டிலருகே நிற்கும்போது பாட்டியின் சொல்லைக் குறையாமல் கொண்டுசேர்க்க அத்தொகுப்பு அவர்களுக்கு உதவும்.