விமானம் ஏறும் முன் ஆர்.சி. புக்கில் பெயரை மாற்றுங்கள்

விசா கைக்கு வந்துவிட்டால் உத்திரமேரூர் பக்கத்து வீடுகளில் வேலைகள் மளமளவென்று நடக்கும். அடகில் இருக்கும் நகையை மீட்பார்கள், பட்டாவைச் சரிபார்ப்பார்கள், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பார்கள். வாசலில் நிற்கும் காரைப் பற்றி மட்டும் கடைசி வாரத்தில்தான் பேச்சு வரும். "நிக்கட்டும்பா, லீவுக்கு வந்தா ஓட்டிக்கலாம்" என்பார் அப்பா. "கன்சல்டிங்ல விட்டுட்டுப் போ மாப்ள, அவங்க பாத்துப்பாங்க" என்பார் மாமா. இரண்டுமே பின்னால் செலவு வைக்கும் யோசனைகள்.

கூடவே கொண்டுபோகலாமா?

இதே மாவட்டத்தில், இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தயாராகும் கார்கள் கப்பலேறி வெளிநாடு போகின்றன. நம் கார் மட்டும் போகாதா என்று கேட்கத் தோன்றும். ஏற்றுமதிக் கார் அந்தந்த நாட்டு விதிக்கு ஏற்பச் செய்யப்படுகிறது. நம்முடையது இந்தியச் சாலைக்காகச் செய்யப்பட்டது. வளைகுடா நாடுகள், அமெரிக்கா, கனடா, ஜெர்மனி எல்லாவற்றிலும் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். அமெரிக்காவில் 25 ஆண்டு ஆகாத கார் என்றால், அந்நாட்டுப் பாதுகாப்பு விதிப்படி செய்யப்பட்டிருக்க வேண்டும். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் சிங்கப்பூரிலும் 3 ஆண்டைத் தாண்டிய பழைய காரை இறக்க முடியாது. சுங்க உத்தரவாதமான 'கார்னே' ஆவணத்தோடு காரில் உலகம் சுற்றுகிறார்களே என்றால், அது போய்த் திரும்புகிறவர்களுக்கு. குடியேறப் போகிறவருக்கு உதவாது.

நிறுத்தி வைத்தால்?

நெல்லும் வேர்க்கடலையும் விளையும் ஊரில் சும்மா நிற்கும் காருக்கு முதல் விருந்தாளி எலி. அறுப்பு முடிந்ததும் வயலை விட்டுக் கிளம்புகிற எலிகளுக்கு பானெட்டுக்குள் இருட்டும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் பேட்டரி மேல் வைக்கோல், இன்ஜின் ஓரத்தில் கடலைத் தொலி, உறை உரிந்து செம்பு தெரியும் ஒயர்கள். ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டி வந்தால் பில்லைப் பார்த்துத் தலை சுற்றும். இது போக பேட்டரி இறங்கிவிடும், டயர் ஒரே இடத்தில் அமுங்கும், பிரேக் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து அணைப்பது போதாது. கொஞ்ச தூரமாவது ஓட்ட வேண்டும்.

வீட்டில் ஓட்ட ஆள் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மகன் பெயரில் உள்ள காரை அப்பா ஓட்டுவதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இன்ஷூரன்ஸில் வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயருள்ள உரிமையாளருக்குத்தான் செல்லும். அப்பாதான் ஓட்டப் போகிறார் என்றால் அவர் பெயருக்கே மாற்றிவிடுவது நல்லது.

விற்றால் மட்டும் போதாது

விற்பதுதான் பெரும்பாலோருக்கு ஏற்ற வழி. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. பணம் கைக்கு வந்ததும் பெயர் மாற்றத்துக்கான 29, 30-ம் படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். வாங்கியவர் பெயரை மாற்றினாரா, இன்னொருவருக்குக் கைமாற்றினாரா என்பது தெரியாது.

2007-ல் ஒருவர் தன் காரை விற்றார். அது மேலும் சில கை மாறியது, ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவில்லை. 2009-ல் விபத்து நடந்து ஓர் உயிர் போனது. நவீன் குமார் - விஜய் குமார் என்ற அந்த வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈடும் அவர் பொறுப்பு. காரை விற்றேன் என்ற வாதம் எடுபடவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் கெடு. வேறு மாநிலத்துக்குப் போகிற வண்டி என்றால் 28-ம் படிவத்தில் என்.ஓ.சி. வாங்க வேண்டும். கடன் நிலுவை இருந்தால் முதலில் அதை அடைத்து, 35-ம் படிவத்தோடு ஆர்.சி.யில் உள்ள எச்.பி. என்ற கடன் பதிவைக் கேன்சல் செய்ய வேண்டும். பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் விடுவதானால், அவர்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததை முறையாகப் பதிவு செய்துவிட்டால், பொறுப்பு அவருக்குப் போய்விடும்.

கிளம்பும் முன்

ஃபாஸ்டேக்கை மறக்காமல் மூடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் பரனூர் டோலைக் கடக்கும்போதெல்லாம் உங்கள் பணம் போகும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நோ கிளெய்ம் போனஸ் சான்று கேட்டு வாங்குங்கள். 3 ஆண்டுக்குள் திரும்பி வந்து கார் வாங்கினால் அதன் சொந்தச் சேத இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கக்கூடும். பெயர் மாற்றம் முடியும் வரை ஓ.டி.பி. வரும் இந்திய சிம் உயிரோடு இருக்கட்டும்.

டிக்கெட் போட்ட அன்றே கார் வேலையையும் தொடங்கிவிடுங்கள். டி.என்.21 வண்டி என்றால் காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நீங்களே ஒரு நடை போய் வாருங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் புது உரிமையாளர் பெயரைக் கண்ணால் பார்க்கும் வரை அந்தக் கார் உங்களுடையதுதான்.