நட்டு அசையவில்லை, இறுக்கம் எங்கே போனது?

யாழ்ப்பாணம்–கிளிநொச்சி குடிநீர்த் திட்டம் முதலில் இரணைமடு நீரை நம்பித் தீட்டப்பட்டது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்த பின் கடலை நாடியது. 2024 ஆகஸ்டில் தலையடியில் கடல்நீர் ஆலை திறக்கப்பட்டபோது, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் என்ற எண்தான் செய்திகளில் முன்னின்றது. அந்த நீர் வீடு வந்து சேருமா என்பதைப் பொருத்துகளும் சேர்ந்தே தீர்மானிக்கும்.

நீர் கொண்டுசெல்லும் பொலித்தீன் குழாய் 50 ஆண்டு உழைக்கும் என்பார்கள். அது 20 பாகை வெப்பத்தில் குழாய்ச் சுவருக்குப் போட்ட கணக்கு. கிளிநொச்சியில் அவ்வளவு குளிர்ந்த நீர் ஏது? 30 பாகையில் 10 பார் குழாயை 8.7 பார் குழாயாகத்தான் கொள்ள வேண்டும். குழாயை இரும்பு வால்வோடு சேர்க்கும் பிளாஞ்ச் அந்த 50 ஆண்டுக் கணக்கில் சேரவே இல்லை.

அதிசயம் பிளாஞ்சை இறுக்கும் போல்ட்டுக்குள் இருக்கிறது.

இடியப்பங்களை அடுக்கி, மேலும் கீழும் தட்டு வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். சற்று நேரத்தில் கயிறு தளரும். முடிச்சு அவிழவில்லை, இழைகள் ஒன்றையொன்று வழுக்கி இடம் மாறிவிட்டன. பொலித்தீனின் மூலக்கூறுகளும் அப்படிச் சிக்கிக் கிடக்கும் இழைகள்தான். தட்டு என்பது பிளாஸ்டிக் விளிம்பின் பின்னால் போடும் உருக்கு வளையம்; நெருக்குதலைச் சுற்றிலும் சமமாகப் பரப்புகிறது. கயிறுதான் போல்ட். சூடான சொதியை ஊற்றினால் இழைகள் இன்னும் வேகமாக வழுக்கும். சித்திரை வெயில் செய்வதும் அதுவே. இனி கயிற்றை மறுபடி கட்டுங்கள். இழைகள் ஏற்கெனவே படிந்துவிட்டதால் இம்முறை தளர்வு குறைவு.

இறுக்கும்போது உருக்கு போல்ட் மில்லிமீற்றரின் சிறு பகுதிதான் நீள்கிறது. பிளாஸ்டிக்கும் அதே அளவு அமுங்கிவிட்டால், நட்டு அசையாமலே பிடிப்பு முழுவதும் போய்விடும். அதற்காக முதல் நாளே மிதமிஞ்சி முறுக்கினால் விளிம்பு வளையும், இடையில் கசிவைத் தடுக்கும் றபர் வளையம் பிதுங்கும்.

எனவே எதிரெதிர் போல்ட்டுகளாக, படிப்படியாக, அளவுகாட்டும் ஸ்பனரால் இறுக்க வேண்டும். ஒரு நாள் விட்டு, குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் மீண்டும் இறுக்க வேண்டும். அந்த இரண்டாம் இறுக்கத்துக்கு ஒப்பந்தத்தில் தனி உருப்படி வேண்டும், தனிக் கூலியும் வேண்டும். அது முடியும்வரை பொருத்தை மண்ணால் மூட விடாதீர்கள்.